பெயருக்கு முன்னால் வீணை, பெயரே இல்லாமல் மேளம்

மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலின் நுழைந்ததும் அந்த மணலி வழியாகத்தான் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமசுவாமி தீட்சிதரை ஆதரித்தது மணலி முதலியார் குடும்பம். அவர் பிள்ளைகளைக் கோட்டை பேண்டு வாத்தியம் கேட்கக் கூட்டிப்போனதும் அவர்களே. மூத்தவர் முத்துசுவாமி அந்த மெட்டுகளில் நோட்டு ஸ்வரம் செய்தார். தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரரிடம் பிடில் கற்று, பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார்.

ஆங்கிலத்தில் கச்சேரி மேடை ஏறினால் வயலினிஸ்ட், சந்தையில் வாசித்தால் ஃபிட்லர். நம் ஊர் பிடிலுக்கு அந்தக் கதி நேரவில்லை. இங்கே சில வாத்தியங்கள் பட்டம்போலப் பெயருக்கு முன்னால் ஏறிக்கொள்ளும்: திருவொற்றியூரில் வீணை குப்பய்யர், ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள், நம் காலத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ்.

இதே வடசென்னையின் கானா பாட்டுக்குப் பழைய துணை புல்புல்தாரா. ஜப்பானில் 1912இல் உருவான தைஷோகோத்தோவின் வாரிசு அது. பலூச்சிகள் அதைப் ‘பெஞ்சு’ என்கிறார்கள். போன இடமெல்லாம் வாத்தியத்துக்குப் புதுப்பெயர் கிடைத்தது. வாசித்தவருக்கு?

ராயபுரத்தில் சாவு விழுந்தால், “மேளக்காரனுக்குச் சொல்லியாச்சா?” என்பதுதான் கேள்வி. டோலக்குக்காரர், சட்டிக்காரர், பேண்டுக்காரர், அவ்வளவுதான். பகலெல்லாம் வெயிலில் அடித்துவிட்டுப் போகிறவரின் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பாடுகிறவர் மட்டும் தப்பித்துவிட்டார். கானா பாலாவைத் தெரியாதவர் உண்டா? அவருக்குப் பின்னால் டோலக்கு அடித்தவர்கள் யார் யார்?

‘காரர்’ என்பதில் என்ன இழிவு, கணவரையே வீட்டுக்காரர் என்கிறோமே என்று சொல்வோர் உண்டு. சரிதான். ஆனால் வீட்டுக்காரருக்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது.

வடக்கே ‘தபல்ச்சி’ என்ற சொல்லில் இளக்காரம் ஒட்டிக்கொண்டதும் தபலா வாசிப்பவர்கள் அதை ஒதுக்கினார்கள். தபலா நவாஸ், உஸ்தாத், பண்டிட் என்றானார்கள். மேடையும் வானொலியும் அவர்களுக்குக் கைகொடுத்தன. காசிமேட்டுச் சட்டிக்காரருக்கு மேடை ஏது? கைப்பழக்கமாகவே வரும் வித்தை இது. அடித்தவர் பெயரும் போய்விட்டால், எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்று நாளை யாரும் சொல்ல முடியாது.

அடுத்த கல்யாணத்துக்கு பேண்டு செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, வாசிப்பவர்கள் பெயரையும் கேட்டு வாங்குங்கள். பத்திரிகையில் தாய்மாமன்கள் பெயருக்குக் கீழே நாலு வரிக்கு இடம் இருக்கும்.