முதல் பாடம் சாக்ஸ்!

உங்களுக்கு சாக்ஸ் போடத் தெரியுமா சார்?

கோபப்படாதீர்கள்! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆட வந்த ஆறடி, ஏழடி ஆசாமிகளுக்கே முதல் பாடம் அதுதான். சாக்ஸில் சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம். கொப்புளம் வந்தால் ஆட்டம் க்ளோஸ். கோச் ஜான் வுடனின் சித்தாந்தம் அவ்வளவே!

மனுஷர் அங்கே போனதே ஒரு வாக்குக்காக. 1948-ல் அவர் ஆசைப்பட்டது மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு. பனிப்புயலில் டெலிபோன் லைன் படுத்துவிட, சொன்ன நேரத்துக்கு அழைப்பு வரவில்லை. அடுத்துக் கூப்பிட்ட யு.சி.எல்.ஏ.வுக்கு 'சரி' சொல்லிவிட்டார். அப்புறம்தான் மின்னசோட்டா லைனில் வந்தது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று மறுத்துவிட்டார்!

உடனே கோப்பை குவிந்ததா? ஊஹூம். முதல் 15 சீஸன்களில் ஒரு தேசியப் பட்டம்கூட இல்லை. நம்ம ஆபீஸாக இருந்தால் மூணாம் வருஷம் மெமோ, நாலாம் வருஷம் டிரான்ஸ்ஃபர்!

1964-ல் முதல் பட்டம். 1975-ல் ரிட்டயர் ஆவதற்குள் மொத்தம் 10. அதில் 1967 முதல் 1973 வரை வரிசையாக ஏழு! நடுவே தொடர்ந்து 88 வெற்றிகள். அப்போதும் சாக்ஸ் பாடம் நிற்கவில்லை. அப்துல் ஜப்பார், பில் வால்டன்கூடத் தப்பவில்லை. 2010-ல், 99 வயதில் மறைந்தார் வுடன்.

பி.காம். படித்த எனக்கு அந்த 10 பட்டம் வரவுக் கணக்கு. பத்து வருஷத்தில் நாலு கம்பெனி மாறியவனை உறுத்துவது அந்த 15 வருஷம்தான்.

இன்று காலை உட்கார்ந்து, நிதானமாக சாக்ஸ் சுருக்கத்தை நீவிவிட்டேன். பஸ் போயே போச்சு!

பரவாயில்லை... அடுத்த பஸ்ஸுக்கு 15 வருஷமா ஆகும்?