‘தண்ணீரில் நடக்கும் வினை’: முழுக் கணக்கையும் கேளுங்கள்

டைகுளோரோமீத்தேன் கரைப்பானுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் தடை விதித்தது. பெரும்பாலான தொழில், வணிகப் பயன்பாடுகளுக்கு அது தந்த கெடு 2026 ஏப்ரல் 28. அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: “இனி இந்தக் கரைப்பானுக்குப் பதில் நுண்பால்மம் போதும், வினைகளைத் தண்ணீரிலேயே நடத்தலாம் என்கிறார்களே?” பாதிதான் உண்மை. நுண்பால்மம் என்பது சோப்புத்தன்மைப் பொருளின் உதவியால் தண்ணீரும் எண்ணெயும் மிக நுண்ணிய துளிகளாகக் கலந்த திரவம்.

உலோக அயனி வினையூக்கிக்கு நுண்பால்மம் எப்படி உதவுகிறது?

பிரான்சின் லீல் நகரில் ழான்-மரி ஓப்ரி குழு வளர்த்தெடுத்த முறையைப் பார்ப்போம். தண்ணீரில் கரைந்த, வினையூக்கியான மாலிப்டேட் அயனி, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்து, கிளர்வுற்ற ‘ஒற்றைநிலை ஆக்ஸிஜனை’ வெளியிடுகிறது. வழக்கமாக ஒளி பாய்ச்சிப் பெறும் இந்த ஆக்ஸிஜன் இங்கே இருட்டிலேயே கிடைக்கிறது.

ஆனால் அதன் ஆயுள் தண்ணீரில் சுமார் 4 மைக்ரோநொடி. அதற்குள் ஏறத்தாழ 200 நானோமீட்டர்தான் நகர முடியும். பிறகு சாதாரண ஆக்ஸிஜனாகிவிடும். அயனி இருப்பதோ தண்ணீரில், ஆக்ஸிஜன் வினைபுரிய வேண்டிய பொருள் இருப்பதோ எண்ணெயில். சாதாரணப் பால்மத்தில் துளிகளும் இடைவெளிகளும் மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பதால், பெரும்பகுதி வழியிலேயே வீணாகும். நுண்பால்மத்தில் துளியின் அளவு 10 நானோமீட்டரை ஒட்டியது. ஆக்ஸிஜன் எங்கே பிறந்தாலும் எண்ணெய் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அற்புதமான ஏற்பாடு இது.

ஒன்றைக் கவனியுங்கள்: அயனியின் வேகம் இதனால் கூடவில்லை, விரயம்தான் குறைந்தது. வினையூக்கியின் திறன் பல மடங்கு பெருகியது என்று அறிக்கைகள் சொன்னால், எது பெருகியது என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் இது வெறும் தண்ணீரா?

இல்லை. 1997இல் அந்தக் குழு வெளியிட்ட நுண்பால்மத்தில் எண்ணெயின் இடத்தில் இருந்ததே டைகுளோரோமீத்தேன்தான். கூடவே பியூட்டனாலும், பற்பசையில் நுரை தரும் சோப்புத்தன்மைப் பொருளான சோடியம் டோடெசில் சல்ஃபேட்டும். ‘பசுமை’ முத்திரை குத்துபவர்கள் பெரும்பாலும் தண்ணீரை மட்டுமே எண்ணுகிறார்கள்.

வேறு சிக்கல்?

பெராக்சைடு சேரச் சேரத் தண்ணீர் கூடி, நுண்பால்மம் குலையலாம்.

விளைபொருளைப் பிரிப்பது எளிதா?

சோப்புத்தன்மைப் பொருள் நிறைந்த கலவையிலிருந்து பிரிப்பது கடினம்.

தீர்வு உண்டா?

2008இல் அதே குழு மாலிப்டேட்டைச் சோப்புத்தன்மைப் பொருளோடே இணைத்தது. கலவை மூன்று அடுக்காகப் பிரிய, வினையூக்கி நடுவிலும் விளைபொருள் எண்ணெயிலும் தங்குகின்றன.

கெடுவுக்குப் பின் டைகுளோரோமீத்தேன் அறவே மறையுமா?

இல்லை. ஆய்வகம் உள்ளிட்ட சில பயன்பாடுகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் பணியிடக் காற்றில் அதன் 8 மணி நேரச் சராசரி 2 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது.

இந்த அமெரிக்கத் தடை இந்திய ஆலைகளுக்குப் பொருந்துமா?

பொருந்தாது.

‘தண்ணீரில் நடக்கும் வினை’ என்று யார் சொன்னாலும், எண்ணெய் எது, சோப்புத்தன்மைப் பொருள் எவ்வளவு, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் வராதவரை அந்தப் பெயரை ஏற்காதீர்கள்.