வடிகால் வழியே வரும் கடல்

சென்னையின் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் துறைமுகம் கிடையாது. மணலிலிருந்து தள்ளப்படும் படகு உடையும் அலையைத் தாண்டித்தான் கடலுக்குள் போக முடியும். அந்த இடத்தில் படகுக்குள் தண்ணீர் விழத்தான் செய்யும். விழுந்த தண்ணீர் எப்படி வெளியேறும்? கட்டுமரத்துக்கு இந்தக் கவலை இருந்ததே இல்லை. கயிற்றால் பிணைத்த மரங்களின் இடுக்கில் தண்ணீர் ஏறும், இறங்கும். தேங்கி நிற்கக் குழிவான வயிறு அதற்குக் கிடையாது. மரம் நீரைவிட லேசானது என்ற ஒன்றை நம்பியே அது மிதந்தது, பாய் விரித்தும் ஓடியது. 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. வேகம் கிடைத்தது, வலையும் மீனும் வைக்க இடம் கிடைத்தது. கட்டுமரத்துக்கு இல்லாத வடிகால் பிரச்சினையும் சேர்ந்து வந்தது. தண்ணீரை வெளியே விடும் துளை, கடலை உள்ளேயும் விடும். அதைத் தடுப்பதில் மூடிக்கும் வால்வுக்கும் முன்னால் நிற்பது துளையின் உயரம்.

கணக்கு எளிது. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை திறந்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே பாயும். ஒரு மணி நேரத்தில் அது இரண்டு டன்னைத் தாண்டிவிடும். அதே துளை கடல்மட்டத்துக்கு மேலே இருந்தால், அலை அறையும் நேரம் தவிர, ஒரு சொட்டும் வராது. ஆனால் அந்த உயரம் நிலையானதல்ல. நீர்மட்டத்தில் பத்து சதுர மீட்டர் பரப்புள்ள படகு, ஏற்றும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமிழும். வெறும் படகில் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த வடிகால், ஆள், வலை, எஞ்சின், மீன் என்று ஒரு டன் ஏறியதும் கடலோடு சமமாகிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் தண்ணீர் திரும்பி வரும். வந்த தண்ணீரின் எடையே படகை இன்னும் அமிழ்த்தும்.

ஒருவழி வால்வு பொருத்தினால் போதாதா என்று கேட்கலாம். அமைதியான நீரில், சுத்தமான படகில் போதும். மணலில் இழுத்து ஏற்றும் படகில் நிலைமை வேறு: ஒரு மீன் செதில், அறுந்த வலை நூல், கொஞ்சம் மணல் சிக்கினால் வால்வின் நாக்கு முழுதாக மூடாது. பாய்மரப் படகுகளில் தேங்கிய நீரை இறைக்கும் பம்ப்பின் குழாயை நேராக வெளியே விடாமல் தலைகீழ் ‘ப’ போல நீர்மட்டத்துக்கு வெகு மேலே தூக்கி வளைத்து, உச்சியில் காற்று புகச் சிறு வழி விடுவது இதனால்தான். காற்று புகுந்தால், பம்ப் நின்றதும் குழாய் தானாகவே கடலை உள்ளே இழுக்கும் சைஃபன் அறுந்துவிடும். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் சென்னையின் நேத்ரா குமணன் செலுத்திய ஒற்றையாள் பாய்மரப் படகு வகையில் அடித்தளத்திலேயே ஒரு வடிகால் உண்டு. படகு விரையும்போது அடியில் ஓடும் நீர் உள்ளே தேங்கியதை உறிஞ்சி எடுக்கும்; வேகம் குறைந்தால் அதே வழியாகக் கடல் உள்ளே ஊறும். ஒரு பந்தயப் படகுக்கு அது சரி. மீனோடு திரும்பும் படகில் ஓட்டத்தை நம்பி வடிகால் வைக்க முடியாது.

துளை உயர, தண்ணீர் விழும் தளமும் உயர வேண்டும். தளத்தை உயர்த்தினால் பாரமும் உயர்ந்து படகு ஆடும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. பாய் விரித்த படகு ஒரு பக்கம் சாயவும் செய்யும்: இரண்டு மீட்டர் அகலப் படகு பத்து டிகிரி சாய்ந்தாலே அந்த ஓரம் சுமார் 17 சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஆகவே துளையைப் பக்கவாட்டில் வைக்காமல் பின்பக்க நடுவில் வைப்பது நல்லது. துளையே வேண்டாம், இறைத்துக் கொட்டிக்கொள்ளலாம் என்பதும் தீர்வாகாது. பத்து சதுர மீட்டர் தளத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு டன். படகு சாயும் பக்கத்துக்கே அந்த டன்னும் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். அலை உடையும் இடத்தில் இறைக்க யாருக்கும் நேரம் இருக்காது.

எனவே முதலில் உயரம், அடுத்து மூடி, கடைசியில்தான் வால்வு. புதுப் படகு வாங்குபவர் அதைக் கரையில் பார்த்தால் போதாது. ஆளும் வலையும் ஏற்றி, கிடைக்கக்கூடிய மீனின் எடைக்கு மணல் மூட்டையும் வைத்து, அமைதியான நீரில் மிதக்கவிட்டு வடிகாலைப் பார்க்க வேண்டும். அப்போதும் அது கடலுக்கு மேலே நின்றால் வாங்கலாம். நனைந்தால் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது தளத்தை உயர்த்தித் தரச் சொல்ல வேண்டும்.