குருதியில் மருந்தின் அளவு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் நன்கறிந்த பழமொழி. ஆயின், மருந்தைப் பொறுத்தவரை அளவு என்பது யாது? வைத்தியர் சீட்டில் எழுதும் அளவா? நோயாளியின் குருதியில் ஓடும் அளவா? இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைப் பீனோபாபிற்றோன் என்னும் மருந்து தெளிவாகக் காட்டுகின்றது.

1912ஆம் ஆண்டில் யேர்மனியில் உறக்க மருந்தாக விற்பனைக்கு வந்த இம்மருந்து வலிப்பு நோயையும் தணிக்க வல்லது என்பதை, அவ்வாண்டிலேயே அல்பிரட் ஹவுப்ற்மான் என்னும் வைத்தியர் கண்டறிந்தார். வலிப்பு நோய்க்கு இன்றும் அது வழங்கப்பட்டு வருகின்றது. குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியில், இலீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 40 மில்லிகிராம் வரை இருத்தல் பொருத்தமெனக் கொள்வர். குறையின் வலிப்பு அடங்காதொழியலாம். மிகின் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் ஓயா உறக்கமும் தோன்றும். மேலும் மிகின் உணர்விழந்து மூச்சும் தளரும்.

ஒரே அளவு குளிசை உண்ணும் இருவரிடத்தும் குருதியளவு வேறுபடுவது ஏன்? இம்மருந்தின் பெரும்பகுதியை ஈரலே சிதைக்கின்றது. எஞ்சியது சிறுநீருடன் வெளியேறுகின்றது. இவ்வுறுப்புகளின் ஆற்றல் ஆளுக்காள் வேறுபடும். வல்புறோயேற்று என்னும் மற்றொரு வலிப்பு மருந்து உடன் சேரின், சிதைவு தடைப்பட்டுக் குருதியளவு உயரும்.

காலமும் கருதத்தக்கது. வளர்ந்தோர் உடலில் இம்மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 நாள்கள் செல்லும். எனவே, நாள்தோறும் ஒரே அளவு உண்பவரின் குருதியில், இறுதியில் நிலைபெறும் அளவின் பாதியே 4ஆம் நாளில் இருக்கும். 8ஆம் நாளில் முக்காற்பங்கும், 12ஆம் நாளில் எட்டில் ஏழு பங்கும் சேரும். நிலைபெற ஏறத்தாழ மூன்று வாரம் வேண்டும். முதல் வாரத்துச் சோதனையில் அளவு குறைவெனக் கண்டு மருந்தைக் கூட்டினால், பின்னர் அது மிகையாகிவிடும்.

ஆய்கூடத்தில் இதனை அளக்கும் முறைகளுள் ஒன்று வருமாறு: மருந்துடன் நொதியம் ஒன்றைப் பிணைத்து வைப்பர். பிறபொருளெதிரி அப்பிணைப்பைப் பற்றினால் நொதியம் செயலிழக்கும். நோயாளியின் குருதியிலுள்ள மருந்து பிறபொருளெதிரியைத் தன்பால் இழுத்துக்கொள்ளுமாயின், நொதியம் தடையின்றித் தொழிற்படும். அத்தொழிற்பாட்டை ஒளியுறிஞ்சல் கொண்டு அளந்து, மருந்தின் அளவைக் கணிப்பர்.

எனினும், எண் மட்டும் முடிவு கூறாது. நெடுங்காலம் உண்டு பழகியவர் உயர்ந்த அளவிலும் தெளிவுடன் இருப்பர். வேறொருவர் குறைந்த அளவிலேயே சோர்வர். ஆதலின் வைத்தியர் எண்ணையும் நோயாளியையும் ஒருங்கே நோக்குவர்.

இது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் அறிவாகும். வலிப்புக்கு மருந்துண்ணும் மாணவன் வகுப்பில் உறங்குவானாயின், அவனைச் சோம்பேறி எனக் கடிதல் முறையன்று. மருந்தைத் தாமே நிறுத்துதல் அதனினும் தீது, திடீரென நிறுத்தினால் கடும் வலிப்பு நேரலாம். அவனை வைத்தியரிடம் அனுப்பிக் குருதியைச் சோதிப்பித்தலே செய்யத்தக்கது.