டிராயிங்கில் இருப்பது படமா, முகவரியா?

இன்று வரைபலகையும் டி-ஸ்கொயரும் வைத்து வரைபவர்கள் அரிதாகிவிட்டார்கள். வீடானாலும் பாலமானாலும் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் சிவில், மெக்கானிகல் படித்துவிட்டு ஆட்டோகேட் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலர். அவர்களில் சிலர் என்னிடம் கேட்பது இது: "சார், டிராயிங்கில் ஸ்கேன் செய்த பழைய படம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கறையை அழிக்க வேண்டும். ஆட்டோகேடில் அழிக்க வரவில்லையே?"

அந்தப் படத்தை வேறொரு புரோகிராமில் திறந்து, திருத்தி, மீண்டும் டிராயிங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பதில். வேலை ஐந்து நிமிடம். ஆனால் அதற்கு முன் அந்தப் படம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கோடும் புள்ளியும்

1982-ல் வெளிவந்த ஆட்டோகேட் அடிப்படையில் கோடுகளின் மென்பொருள். ஒரு நேர்கோட்டுக்கு அதன் இரு முனைகள் எங்கே என்று குறித்துக்கொண்டால் போதும். ஸ்கேன் செய்த படம் அப்படியல்ல; அது முழுக்க முழுக்கப் புள்ளிகள். ஏ-0 அளவுத் தாளை, அதாவது 841-க்கு 1189 மில்லிமீட்டர் தாளை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 14 கோடி புள்ளிகள் வரும். சுருக்காமல் வைத்தால் கறுப்பு வெள்ளையில் 17 மெகாபைட். முழு வண்ணத்தில் 400 மெகாபைட்டுக்கும் மேல்.

இந்தச் சுமையை டிராயிங் ஃபைலுக்குள் ஏற்றுவதில்லை. 1997-ல் வந்த 14-வது பதிப்பு முதல் 'இமேஜ் அட்டாச்' என்னும் வசதி இருக்கிறது. இதில் டிராயிங் ஃபைல் குறித்துக்கொள்வது படத்தின் முகவரி, அது வைக்கப்பட்ட இடம், அளவு, சாய்வு போன்ற விவரங்களை மட்டுமே. படம் தன் சொந்த ஃபைலிலேயே இருக்கும்.

டிராயிங்கை மட்டும் ஈமெயிலில் அனுப்பினால் பெறுபவருக்குப் படத்துக்குப் பதில் ஒரு வெறும் சட்டமும் அதனுள் முகவரியும் தெரிவது இதனால்தான். வீட்டு முகவரியை மட்டும் அனுப்பிவிட்டு, வீடு வந்து சேரவில்லையே என்று கேட்க முடியுமா? 'ஈ-டிரான்ஸ்மிட்' கட்டளை டிராயிங்கையும் அது நாடும் ஃபைல்களையும் ஒரே கட்டாகக் கட்டித் தரும்.

திறக்கும் முறை

'இமேஜ்' என்று கட்டளை கொடுத்தால் 'எக்ஸ்டர்னல் ரெஃபரன்சஸ்' பலகம் திறக்கும். இணைக்கப்பட்ட படங்கள் அதில் வரிசையாக இருக்கும். படத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் கீழே 'ஃபவுண்ட் அட்' என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். குறித்துவைத்த முகவரியில் படம் இல்லையென்றால் ஆட்டோகேட் வேறு ஃபோல்டர்களிலும் தேடும். அதே பெயருள்ள வேறொரு படத்தை எடுத்துக் காட்டிவிடவும் கூடும். எது அகப்பட்டது என்பதைச் சொல்வது இந்த வரிதான்.

பிறகு பெயரின் மேல் வலது பட்டனை அழுத்தி 'ஓப்பன்' என்றால் படம் வெளியே திறக்கும். எந்த புரோகிராமில் என்பதை முடிவு செய்வது ஆட்டோகேட் அல்ல, விண்டோஸ். பெயரின் கடைசியிலுள்ள 'டிஃப்', 'ஜேபெக்' போன்ற வகைக்கு எந்த புரோகிராமை விண்டோஸ் ஒதுக்கியிருக்கிறதோ அதில் திறக்கும். அது பார்க்க மட்டுமே உதவும் புரோகிராமாக இருந்தால், விண்டோஸில் 'ஓப்பன் வித்' மூலம் மாற்றிக்கொள்ளலாம். 'எக்ஸ்பிரஸ் டூல்ஸ்' நிறுவியிருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 'இமேஜ்ஆப்' கட்டளையால் விருப்பமான புரோகிராமை ஒருமுறை சொல்லிவிட்டால், 'இமேஜ்எடிட்' கொடுத்துப் படத்தைத் தொட்டதும் அதில் திறக்கும்.

திருத்தி சேமித்தபின், பலகத்தில் அதே பெயரின் மேல் 'ரீலோட்' கொடுத்தால் புதிய உருவம் டிராயிங்கில் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, வெளியே திறப்பது நகலை அல்ல, அசல் ஃபைலை. பத்து டிராயிங்குகள் அதே படத்தை நாடியிருந்தால் ஒரு திருத்தம் பத்திலும் தெரியும். எனவே முதலில் வேறு பெயரில் நகல் எடுத்து, அதைத் திருத்தி, பலகத்தில் முகவரியை நகலுக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, ஓரங்களை வெட்டாதீர்கள், சுழற்றாதீர்கள், அளவை மாற்றாதீர்கள். படத்தின் மேல் ஏற்கெனவே வரைந்த கோடுகள் படத்தோடு பொருந்தாமல் போகலாம். வேண்டாத பகுதியை வெள்ளையாக்குங்கள், போதும். 'ரீலோட்' ஆனதும் தெரிந்த நீளம் ஒன்றை அளந்து சரிபாருங்கள்.

மூன்றாவது, ஜேபெக் வகைப் படத்தைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நுட்பம் கொஞ்சம் குறையும். கோட்டுப் படங்களுக்கு இழப்பின்றிச் சுருக்கிய டிஃப் அல்லது பி.என்.ஜி. வகையே நல்லது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று தோன்றலாம். ரயில்வேயில் பழைய பாலங்களின் டிராயிங்குகளை டிரேசிங் துணியிலும் நீல ஃபெர்ரோ பிரிண்டிலும் பார்த்தவன் நான். அளவுகள் அடி அங்குலத்தில், கையெழுத்தில் இருக்கும். பாலத்தின் மேல்பகுதியை எப்போது வேண்டுமானாலும் நாடா பிடித்து அளந்துகொள்ளலாம். ஆற்று மணலுக்குள் இறங்கியிருக்கும் கிணற்று அஸ்திவாரத்தின் ஆழத்தை அப்படி அளக்க முடியாது. பல இடங்களில் அந்தத் தாளில் எழுதிய ஓர் எண்தான் அதற்குச் சாட்சி. வெள்ளத்தில் மண் எவ்வளவு அரிக்கலாம், வேகக் கட்டுப்பாடு வேண்டுமா என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நூறு வயதான தாளில் கறைக்கும் புள்ளிக்கும், மடிப்புக்கும் 1 என்ற இலக்கத்துக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். சந்தேகமானால் மூலத்தாளைப் பார்த்தபின் அழியுங்கள். மூலத்தாள் கிடைக்காவிட்டால் கறை அப்படியே இருக்கட்டும். டிராயிங் சற்று அழுக்காக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஸ்கேன் செய்த அசல் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொன்றின் பண்புகளிலும் 'ரீட் ஒன்லி' என்று குறித்துவிடுங்கள். அவசரத்தில் யாராவது திறந்து திருத்தினாலும், அதே பெயரில் சேமிக்கும்போது தடை வரும். அந்த ஒரு தடை பல சமயம் போதும்.