ஒரு சக்கரம் சுத்துது, இன்னொண்ணு தூங்குது!
பிக்கப் வண்டிக்காரர் பர்சைப் பதம் பார்க்கும் 'பின் ஆக்சில்' விவகாரம்

சிங்கப்பெருமாள் கோவில்:

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்து ஒரகடத்துக்குப் பிரியும் பாதை. விடிய விடிய ஐப்பசி மழை. ஒரு பிக்கப் வண்டி ஓரம் இறங்கிச் சேற்றில் மாட்டி நிற்கிறது. பின்பக்கம் இடது சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றுகிறது. வலது சக்கரம்? நல்ல தார் மேலே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு இஞ்ச் அசையவில்லை!

"இன்னும் மிதிப்பா!" என்று கூட்டம் கத்துகிறது. மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகிறது. கடைசியில் டிராக்டர், கயிறு, கேட்ட கூலி. கம்பெனி கேட்டுக்குள் சரக்கு போக வேண்டிய நேரம் தவறிவிட்டால் அந்த நடைக்கு வாடகையும் போச்சு. மாசம் பிறந்தால் வண்டிக்கு டியூ கட்டணுமே!

இந்த வட்டாரத்தில் மழை வந்தால் இது வாடிக்கைக் காட்சி. இத்தனைக்கும் பாரத்பென்ஸ் லாரி தயாராவது இதே ஒரகடத்தில்தான். ரெனோ, நிசான் கார்களும் அங்கேதான்.

இப்படி மாட்டியவர்களுக்குப் பட்டறைகளில் ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். 'எல்.எஸ்.டி. மாட்டிடுங்க!'

போலீஸ் செய்தியில் வரும் போதைச் சரக்கு அல்ல இது. 'லிமிடெட் ஸ்லிப் டிப்ரன்ஷியல்' என்பதன் சுருக்கம்.

சேற்றில் என்ன நடக்கிறது?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கம் குறைவு. அதற்காகப் பின் ஆக்சில் நடுவில், கிரவுன் வீலோடு சேர்ந்த கூட்டுக்குள் சின்னச் சின்னப் பல் சக்கரங்கள். இதுதான் டிப்ரன்ஷியல். இரண்டு பக்கமும் சமமாகத்தான் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும். வம்பே அங்கேதான்!

சேற்றுச் சக்கரத்துக்கு 50 கிலோ தள்ளும் அளவுக்குத்தான் பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தார் மேல் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 50-தான் போகும். மொத்தம் 100. வண்டி அசைய 150 வேண்டுமென்றால் எஞ்சின் என்ன கத்தினாலும் கதை நடக்காது.

எல்.எஸ்.டி. இருந்தால், பிடி உள்ள பக்கத்துக்குக் கூடுதலாகத் தரும். மூன்று மடங்கு தரும் வகை என்றால் 50-க்கு 150. மொத்தம் 200. வண்டி மேலே ஏறிடும்!

1930-களில் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்குப் பயன்பட்ட சமாச்சாரம் இது. 1956-ல் அமெரிக்காவில் சாதாரணக் கார்களுக்கும் வந்துவிட்டது.

இரண்டு ஜாதி!

ஒன்று, கிளட்ச் பிளேட்டு வகை. உள்ளே ஸ்பிரிங் முன்கூட்டியே பிளேட்டுகளை அழுத்தி வைத்திருக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்கூட மறுபக்கத்துக்குக் கொஞ்சம் பலம் போகும். ஆனால் பிளேட்டு தேயும். கியர் ஆயிலோடு அதற்கென்று உள்ள அடிட்டிவும் சேர்த்து ஊற்றணும்.

மற்றொன்று, முழுக்கப் பல் சக்கர வகை. தேய பிளேட்டே கிடையாது. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தை மூணால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? அப்போது கை பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்து நகர்த்த வேண்டும்.

இன்னொரு சாதனம், தானே பூட்டிக்கொள்வது. மகிந்திராவின் தார், பொலிரோ நியோ வண்டிகளில் சில ரகங்களுக்குக் கம்பெனியே இதை மாட்டித் தருகிறது. அடுத்த ஸ்டேஷனான பரனூர் பக்கம் 2012-ல் திறந்த மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டிதான் 2020-ல் வந்த புதிய தார். டொயோட்டா ஹைலக்சிலோ பட்டனைத் தட்டினால் பின் ஆக்சில் பூட்டிக்கொள்ளும்.

புது வண்டி எடுப்பவர் இப்படிக் கம்பெனியே மாட்டியதாகப் பார்த்து எடுப்பது உத்தமம்.

டயர் ஜாக்கிரதை!

நம்ம ஆட்கள் காசில்லாத நேரத்தில் என்ன செய்வார்கள்? ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர். பிளேட்டு வகையில் இது கூடவே கூடாது. இரண்டு டயரும் ஒரே உயரம் இல்லாவிட்டால், நேர் ரோட்டில் போகும்போதும் உள்ளே பிளேட்டு உரசிக்கொண்டே இருக்கும். சூடேறும். கொடுத்த காசு கரைந்துவிடும்.

உயிர் ஆபத்தும் உண்டு. சாதா வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது ஓரளவு பிடித்துக்கொள்ளும். எல்.எஸ்.டி. வண்டியில் இரண்டும் சேர்ந்து வழுக்கலாம். காலி வண்டி, மழை, வளைவு, டிரைவர் கால் ஆக்சிலேட்டரில். வால் சுழன்றுவிடும்!

நிருபர் விசாரித்த வரையில், தார் ரோட்டிலேயே ஓடுகிற வண்டிக்கு இது வீண் செலவு. அந்தப் பணத்துக்கு நல்ல டயர் இரண்டு போடலாம். ஏரி மண், செங்கல் சூளை, கல் குவாரி என்று தினமும் இறங்கி ஏறுபவருக்குத்தான் லாபம்.

பட்டறைக்குள்ளே...

புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் முதலில் பல்லை எண்ண வேண்டும். ஆக்சில் முனைப் பற்கள் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் கிரவுன் வீல் அந்தக் கூட்டில் உட்காருமா என்றும் பாருங்கள்.

பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் இடது, வலது என்று பஞ்சால் அடையாளம் அடிக்கணும். மாற்றிப் போட்டால் வந்தது வினை. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே உள்ள விளையாட்டை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்கணும். பல வண்டிகளுக்கு அது 0.15 முதல் 0.20 மில்லி மீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் போட்டதே கணக்கு. பல்லில் நீலம் தடவிப் பதிவு பார்க்க வேண்டும். 'கையால ஆட்டிப் பார்த்தேன், சரியா இருக்குண்ணே' என்றால் விடாதீர்கள். பிசகினால் ஊளைச் சத்தம், பிறகு பல் உடையும், ஆக்சில் நடுரோட்டில் மாட்டிக்கொள்ளும்.

சட்டமும் இருக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் கட்டுப்பாடு உண்டு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்சிலும் கேட்டுவிட்டு ஸ்பானரை எடுங்கள். வாரண்டி உள்ள வண்டி என்றால் கம்பெனியிலும் கேளுங்கள்.

மாட்டிய பிறகு பின்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் தூக்கி, நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் அது சாதா ஆக்சிலாக இருக்கலாம்; பல் சக்கர வகையும் இப்படிச் சுற்றலாம். அதே பக்கம் சுற்றினால் எல்.எஸ்.டி.! ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓட்டி கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து, வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும்.

பிளேட்டு வகை என்றால் காலி மைதானத்தில் மெதுவாகப் பத்து எட்டு போடுங்கள், லைசென்சுக்கு பைக்கில் போட்ட மாதிரி. புது ஆயில் பிளேட்டுகளுக்குள் இறங்கணும். அதற்குப் பிறகும் திரும்பும்போது பின்னால் கடகடவென்று உதறினால், ஆயிலில் அடிட்டிவ் சேர்த்தாயா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.