வேலையை விட்டுப் போறவர் கடை ரகசியத்தையும் எடுத்துட்டுப் போனா..? சட்டம் யார் பக்கம்?

உத்திரமேரூர் பஜார் பக்கம் நீங்கள் ஒரு ஆரி ஒர்க் பிளவுஸ் கடை நடத்துறீங்கன்னு வெச்சுக்கலாம். மூணு வருஷமா கூடவே இருந்து வேலை கத்துக்கிட்ட பொண்ணு, “அக்கா, அடுத்த மாசத்துலேருந்து நான் வரலை” என்கிறார். பத்தே நாளில் ரெண்டு தெரு தள்ளி புதுக்கடை திறக்கிறார். அன்றைக்கே உங்கள் வாடிக்கையாளர்கள் 600 பேருக்கும், ‘எங்ககிட்ட ரேட் கம்மி’ என்று வாட்ஸ்அப் மெசேஜ் போகிறது. உங்கள் அளவு நோட்டில் இருந்த அளவுகளும் போட்டோவாக அவர் போனில் இருக்கின்றன.

‘கூடவே இருந்து குழி பறிச்சுட்டாளே’ என்று கொதிப்பீர்கள்தானே? கொஞ்சம் பொறுங்க. இங்கே இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, அவர் கடை திறந்தது. இன்னொன்று, உங்கள் பட்டியலை எடுத்துப் போனது. சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

போட்டிக்கடை வைக்கக் கூடாதுன்னு தடுக்க முடியுமா?

முடியாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27 இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் சட்டபூர்வமான தொழிலையோ வியாபாரத்தையோ செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது. ‘வேலையை விட்டபிறகு ரெண்டு வருஷம் இதே தொழில் செய்ய மாட்டேன்’ என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும், பொதுவாக அது கோர்ட்டில் நிற்காது. நடக்கிற கடையை அதன் நற்பெயரோடு சேர்த்து ஒருவர் விற்கும்போது மட்டும் ஒரு விலக்கு உண்டு. விற்றவர் அதே பகுதியில் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று நியாயமான எல்லைக்குள் கட்டுப்பாடு போடலாம்.

கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். விளம்பர வாய்ப்புகளைக் கவனித்துக்கொள்ள ‘பெர்செப்ட் டி’மார்க்’ நிறுவனத்துடன் அவர் 3 வருட ஒப்பந்தம் போட்டிருந்தார். காலம் முடிந்தபிறகு வேறு நிறுவனத்துக்குப் போக விரும்பினார். ‘யார் ஆஃபர் கொடுத்தாலும் முதலில் எங்களிடம்தான் சொல்ல வேண்டும்’ என்ற நிபந்தனையைக் காட்டி நிறுவனம் மறித்தது. 2006-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தபிறகும் நீளும் இந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று சொல்லிவிட்டது.

ஆனால், ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாவினால் கதை வேறு. செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனம், டயர் கார்டு நூல் தயாரிக்கும் முறையை ஓர் ஊழியருக்குக் கற்றுக்கொடுத்து, 5 வருட ஒப்பந்தம் போட்டிருந்தது. அவர் 1964-லேயே விலகி, போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்துக்கு அவர் மீது போடப்பட்ட தடை சரிதான் என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எது ரகசியம், எது திறமை?

காஞ்சிபுரம் பட்டில் கோர்வை போடும் நெசவாளி ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போகும்போது, கை வித்தையைக் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது. அது அவர் உழைத்துச் சம்பாதித்த சொத்து. ஆரி ஊசி பிடிக்கும் லாகவமும், கஸ்டமரிடம் பேசும் பக்குவமும் அப்படித்தான். வேலையை விடும் எல்லோரும் தங்கள் அனுபவத்தைத் தாராளமாக எடுத்துப் போகலாம்.

வியாபார ரகசியம் வேறு. உலக வர்த்தக அமைப்பின் ‘டிரிப்ஸ்’ ஒப்பந்தம் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. அது பொதுவாக வெளியே தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்குப் பண மதிப்பு இருக்க வேண்டும். உரிமையாளர் அதைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது அந்த மூன்றாவதில்தான். அளவு நோட்டை டேபிள் மேல் திறந்து போட்டுவிட்டு, கடை போனுக்கு ‘1234’ என்று பாஸ்வேர்டு வைத்துவிட்டு, ‘என் ரகசியத்தைத் திருடிட்டாங்க’ என்றால், ‘நீங்களே அதை ரகசியமா வெச்சுக்கலையே’ என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

பட்டியலை எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்?

1995-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. பர்லிங்டன் என்ற தபால்வழி விற்பனை நிறுவனத்தின் முன்னாள் ஊழியர், அதன் வாடிக்கையாளர் பட்டியலின் நகலை வைத்து அதே வியாபாரத்தைத் தொடங்கியிருந்தார். உழைத்துத் தொகுத்த அந்தப் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று சொல்லி, அதைப் பயன்படுத்த கோர்ட் தடை போட்டது.

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து டேட்டாவைக் காப்பி செய்வது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ன்படி தவறு. அதையே நேர்மையற்ற நோக்கத்தில் செய்தால், பிரிவு 66-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஸ்மார்ட்போனும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

அமெரிக்காவில் கூகுளின் தானியங்கி கார் திட்டத்தில் இருந்த ஆந்தனி லெவண்டோவ்ஸ்கி, 14,000-க்கும் மேற்பட்ட ஃபைல்களை டவுன்லோடு செய்துகொண்டு 2016-ல் வெளியேறினார் என்று வழக்கு வந்தது. அவர் தொடங்கிய கம்பெனியை வாங்கிய உபர், 2018-ல் தன் பங்குகளைக் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2020-ல் 18 மாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021-ல் அதிபர் மன்னிப்பு கிடைத்தது. திறமைசாலி வேலை மாறியது அங்கேயும் பிரச்னை இல்லை. அள்ளிப்போன ஃபைல்கள்தான் பிரச்னை.

நம் நாட்டில் வியாபார ரகசியத்துக்கென்றே தனிச் சட்டம் வேண்டும் என்று 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்து, மசோதா வரைவையும் கொடுத்தது. அப்படி ஒரு சட்டம் வரும்வரை உங்கள் கடைக்கு நீங்கள்தான் முதல் காவல்.

கடை வைத்திருப்பவர்களுக்கு...

* கடைக்கென்று தனி சிம், தனி வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு வையுங்கள். ஆர்டர் எல்லாம் ஊழியரின் சொந்த நம்பருக்கு வந்தால், அவர் போகும்போது கஸ்டமரும் கூடவே போய்விடுவார்.

* எதெல்லாம் ரகசியம் என்று எழுதுங்கள். டிசைன் நோட்டு, அளவுகள், சரக்கு வாங்கும் இடம், அடக்க விலை... யாருக்கு எது தேவையோ அது மட்டும் தெரிந்தால் போதும்.

* வேலைக்குச் சேரும் நாளிலேயே எளிய தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். ‘கடை வைக்க மாட்டேன்’ என்று எழுதுவதைவிட, ‘இந்தத் தகவல்களை வெளியே கொடுக்கவோ, சொந்தத்துக்குப் பயன்படுத்தவோ மாட்டேன்’ என்று எழுதுங்கள். நிற்கப்போவது இதுதான்.

* விலகும் நாளில் போன், சாவி, நோட்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். சம்பள பாக்கியையும் அன்றே முடித்துவிடுங்கள். மனக்கசப்போடு போகிறவர்தான் அதிகம் எடுத்துப் போவார்.

* சந்தேகம் வந்தால் தெருவில் நின்று சண்டை போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்களைச் சேர்த்து, வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். தேவைப்பட்டால் சிவில் கோர்ட்டில் தடையாணை கேட்கலாம். தாமதம் செய்தால் ரகசியம் ஊருக்கே தெரிந்துவிடும்.

வேலையை விடுபவர்களுக்கு...

சொந்தக்கடை கனவு தப்பே இல்லை. கற்றதை எடுத்துப் போங்கள். கடையின் ஃபைலை எடுத்துப் போகாதீர்கள். போகும் முன் லிஸ்ட்டை உங்கள் நம்பருக்கு ஃபார்வேர்டு செய்யும் அந்த ஒரு நொடிதான், நாளைக்கு உங்கள் புதுக்கடைக்கு எதிரான சாட்சி.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து குடவோலைக் கல்வெட்டை ஸ்கூல் டூரில் பார்த்திருப்பீர்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி பதவிக்கு வர முடியாது என்கிறது அது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த ஊர் விதி, இன்றைக்கு ஒரு பிளவுஸ் கடைக்கும் பொருந்தும். விலகிப் போவது உங்கள் உரிமை. கையிலிருக்கும் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போங்க, அவ்ளோதான்!